பழி பேட்டரி மேல், பழுது வயரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகளை இறக்கும் வாரத்தில், துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் பேட்டரி விற்பனை சூடு பிடிக்கும். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் சில வாரங்களில் படுத்துவிட்டால் கம்பெனியைத் திட்டுகிறார்கள். சார்ஜ் ஏறாத படகில் எந்தப் பேட்டரி வைத்தாலும் அதே கதிதான். பணத்தை எடுக்கும் முன் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் எஞ்சினை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, ஒரு இரவு கழித்து அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் 13 காட்டும், அதை நம்பக்கூடாது.

அடுத்து எஞ்சினை ஓட்டி, வேகத்தைச் சற்றுக் கூட்டி, பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 24 வோல்ட் படகில் 27.6 முதல் 28.8 வரை. எஞ்சின் நின்றிருந்தபோது காட்டிய அதே எண் இப்போதும் காட்டினால், எஞ்சின் பெல்ட்டில் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து எதுவும் வரவில்லை. அப்போது பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு கப்பிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்வாங்கலாம், அதற்கு மேல் வாங்கினால் தளர்ச்சி. பக்கவாட்டில் கண்ணாடி போல மினுங்கும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். மாற்றத்தான் வேண்டும். பெல்ட் சரி என்றால் டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கைக் கவனியுங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகச் செல்லும் சிறு மின்சாரம்தான் உள்ளே காந்தத்தை எழுப்புகிறது. பல்பு எரிந்துபோயிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பத்து இருபது ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்புவதும் நடக்கிறது.

பேட்டரி முனையில் 13.2, 13.3 என்று அரைகுறையாக வந்தால், கடலில் பெரும்பாலும் காரணம் இணைப்புகளை அரிக்கும் உப்புதான். மீட்டரை வோல்ட்டில் வைத்து, விளக்குகளையெல்லாம் போட்டு, எஞ்சின் ஓடும்போது ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ வோல்ட்டேஜ் திருடு போகிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள், அங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். இந்த எர்த் (நெகட்டிவ்) பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கணக்கு எளிது. 0.03 ஓம் தடையுள்ள ஒரு கெட்ட இணைப்பில் 30 ஆம்பியர் போனால் 0.9 வோல்ட் அங்கேயே தொலையும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.3. அந்த இணைப்பைத் தொட்டால் சுடும். கேபிள் மெலிந்தாலும் இதே கதை. போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர் உள்ள பாதையில் 35 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் இழப்பு. 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2 தான். வெளியே பளபளக்கும் கேபிளின் மேலுறையை முனையில் சற்று வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிள் முனையில் மாட்டும் லக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, நல்ல செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளே கடலுக்கு ஏற்றது. டெர்மினலில் பூத்த வெள்ளையையும் பச்சையையும் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவலாம், கரைசல் பேட்டரிக்குள் போகாமல் மூடி இறுகியிருக்கட்டும். பிறகு துடைத்து, இறுக்கி, அதன் பின்னரே வாசலின் தடவ வேண்டும். சிலர் முதலில் தடவிவிட்டு இறுக்குகிறார்கள்.

12 வோல்ட் படகில் சார்ஜ் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் பேட்டரியின் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குக் காட்டும் உணர்வு வயர் உப்பில் அரித்திருந்தாலும் அது ஏமாந்து அதிகமாகத் தள்ளும். இரண்டையும் பாருங்கள்.

24 வோல்ட் படகுகளுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்துவிட்டு, ஜிபிஎஸ், வயர்லெஸ், மீன் காட்டும் கருவி எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிறார்கள். அந்த பேட்டரி எப்போதும் பட்டினி. ஆல்டர்னேட்டரோ இரண்டின் கூட்டுத் தொகையைத்தான் பார்க்கும். ஆகவே ஒன்று 13-இல் தவிக்க, மற்றது 15-இல் கொதிக்கும். ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்கிறது என்றால் இதுதான் அடையாளம். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் தீரும். ஒரு பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

இரவில் தானாக இறங்கும் பேட்டரிக்கு வேறு சோதனை. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைக் கேபிளுக்கும் முனைக்கும் இடையே பிடியுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடக்கூடாது. அந்நேரம் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 0.1 ஆம்பியர் சிறு எண்தான். 61 நாளுக்குப் பெருக்கினால் 146 ஆம்பியர் மணி, அதாவது ஒரு பெரிய பேட்டரி முழுதும். தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போடும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது இதனால்தான். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிப்போகும், பிறகு ஏற்றினாலும் ஏறாது. எஞ்சின் ஆறி மணிக்கணக்கான பின்னும் ஆல்டர்னேட்டர் உடல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசிகிறது.

இந்த டயோடைக் கொல்லும் வழக்கம் ஒன்று துறைமுகங்களில் இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜ் நன்றாக இருக்கிறது என்று சொல்வது. டீசல் எஞ்சின் எப்படியும் நிற்காது! பழைய டைனமோ காலத்துப் பழக்கம் இது. ஆல்டர்னேட்டரில் அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி டயோடு, ரெகுலேட்டர், சில சமயம் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். போதாததற்கு, கொதிக்கும் பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் நிற்கும்போது அங்கே பொறி பறப்பது உயிருக்கே ஆபத்து. கழற்றும்போது எஞ்சினை நிறுத்தி நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தண்ணீர் விஷயத்தில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் வேண்டாம். தகடு மூழ்கி அதற்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நின்றால் போதும், ஆசிட் ஊற்றக்கூடாது. கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் பேட்டரியைப் படகின் அடிநீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டமான பெட்டியில், ஆடாமல் கட்டி வைக்க வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அலுவலர்கள் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். பதிவு எண், நீளம், எஞ்சின் திறன், உயிர்காப்புக் கருவிகள் எல்லாம் பார்க்கப்படுகின்றன. வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. எஞ்சினை ஓட்டி பேட்டரி முனையில் வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஒரு எண்ணையும் ஆய்வுப் படிவத்தில் சேர்க்கும்படி துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படகு மின்பணியாளர்கள்,
நாகப்பட்டினம்.