கணினித் தாளைக் கணினியின் முன் எழுத விடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றி வருகிறேன். தமிழ், வரலாறு, வணிகவியல் ஆகிய துறைகளின் முதலாண்டு மாணவர்களுக்குத் தாங்கள் வகுத்திருக்கும் கணினி, தகவல் தொழில்நுட்ப அறிமுகத் தாளை ஆண்டுதோறும் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்தத் தாளின் அமைப்பைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து அலகுகள், எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25, மூன்று மணி நேரத் தேர்வு. செய்முறைக்கு மதிப்பெண் கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியைப் பற்றித்தான் தங்களிடம் முறையிட வந்திருக்கிறேன். இரண்டு முறை துறைத்தலைவர் வழியாகக் கடிதம் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகக்கூடப் பதில் வரவில்லை. ஆகவேதான் பலர் அறிய எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

கடந்த பருவத் தேர்வில் என் வகுப்பு மாணவி ஒருவர் இத்தாளில் 75க்கு 68 பெற்றார். இளங்கலைத் தமிழ் படிப்பவர். அவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். காலையில் ஒரே ஒரு பேருந்து வரும் ஊரிலிருந்து வருகிறார். கணினியின் தலைமுறைகளைப் பற்றி அவர் எழுதியிருந்த பத்து மதிப்பெண் விடையை மாதிரித் தேர்வில் நானே திருத்தியிருக்கிறேன். தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன என்பதுவரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார். ஒரு கிலோபைட் என்பது 1,024 பைட் என்ற இரண்டு மதிப்பெண் விடையும் சரி. மின்னஞ்சலின் நன்மைகள் ஐந்தும் சரி.

தேர்வு முடிந்த மறுவாரம் கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. புகைப்படம் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அந்தப் படிவம் கேட்டது. ஸ்டூடியோவில் எடுத்துக் கைப்பேசிக்கு வாங்கி வைத்திருந்த படமோ மூன்று மெகாபைட்டுக்கு மேல் இருந்தது. அதைச் சுருக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பிற்பகலில், பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரௌசிங் சென்டர் ஒன்றில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கடைக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்து, படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடையில் கூட்டம். அவசரத்தில் அந்தக் கடைக்காரர் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் கையொப்பத்தையும், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சான்றிதழையும் ஏற்றிவிட்டார். திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணமே அந்த மாணவிக்கு வரவில்லை, ஏனெனில் அந்தத் திரை தனக்குரியது என்று அவருக்கு நாம் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. அந்த மின்னஞ்சலை உருவாக்கியவர் கடைக்காரர், கடவுச்சொல் அவரிடம், ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) போய்ச் சேரும் கைப்பேசி எண்ணும் அவருடையதே. செய்தி வந்ததை மாணவி அறிந்தபோது கடைசித் தேதி கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அவர் ஆசிரியர் அறைக்கு வந்து அழவில்லை. "சார், ஒரு கேபின்னா 1,024 பைட்டுன்னு எழுதினேன், ஃபுல் மார்க் போட்டாங்க. ஆனா அந்த போட்டோவை எப்படி 50 கேபி ஆக்குறதுன்னு எனக்குத் தெரியலயே சார்" என்று மட்டும் சொன்னார். ஒன்பது ஆண்டுகளாக இத்தாளை நடத்தும் எனக்கு அதற்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அப்படியே தங்கள் முன் வைக்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இத்தாளின் மதிப்பெண்ணில் குறைந்தது பாதி, மாணவர் தனியே ஒரு கணினியின் முன் அமர்ந்து தம் கையால் செய்துகாட்டும் தேர்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

மதிப்பெண் இல்லாத ஒன்று கல்லூரியில் என்ன ஆகிறது என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர். கால அட்டவணையில் வாரத்திற்கு இரண்டு பாடவேளை ஆய்வகம் என்று இருக்கிறது. செய்முறைக்கு மதிப்பெண் இல்லாததால் ஆய்வகத்தைப் பழுதுபார்க்க யாரும் நிதி கேட்பதில்லை. நிதி கேட்காததால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. இயந்திரம் இல்லாததால் ஆய்வக வேளையும் எழுத்துப் பாடத்திற்கே போய்விடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் 20 கணினிகள் உள்ளன. இயங்குபவை 11. அவற்றில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. ஒரு வகுப்பில் 59 பேர். ஒரு கணினிக்கு ஐவர் அல்லது அறுவர் அமர்ந்தால், மவுஸ் ஒருவர் கையில்தான் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு ஆண்டும் கவனித்து வந்திருக்கிறேன்: வீட்டில் ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர். மற்றவர்கள் அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, படிகளை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முதல் வரிசையில் அமரக் கூசும் பெண்பிள்ளைகள் திரையைக்கூடப் பார்ப்பதில்லை. பின்னர் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். ஒரே கடிதத்தைப் பல பெயர்களுக்குத் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் முறையை ஒன்பது படிகளாக மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு அதை ஒருமுறைகூடச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்ததில்லை. சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிக் கட்டுரை எழுத வைத்து, ஓட்டத் தெரிந்ததாகச் சான்றிதழ் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்; ஆனால் இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றை நீக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சார்லஸ் பாபேஜ் இருக்கட்டும், எனியாக் இருக்கட்டும். ஆனால் ஃபிளாப்பி வட்டின் அமைப்பைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் வினா இன்னும் எதற்கு? அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட், அதை இறுதிவரை விற்றுவந்த சோனி நிறுவனமே ஜப்பானில் 2011இல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டில் என் மாணவர்கள் பள்ளிக்கூடத்தைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்து வருகிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பைத்தான் நிரல் எழுதிவிட்டு வருகிறார்கள். அவர்கள் பள்ளியில் கடந்து வந்த இடத்திற்குப் பின்னால் நம் கல்லூரித் தாள் நிற்கிறது. பள்ளியில் கணினியையே தொடாத பிள்ளைகளுக்கோ அது கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. இரு சாராருக்கும் பயன்படாத ஒரு தாளை வகுக்க வேண்டும் என்று யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதுதான் நடந்திருக்கிறது.

அந்த மாணவியின் புகைப்படத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு படத்தைக் கொண்டே முதல் இரண்டு அலகுகளையும் நடத்திவிட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் அகலவாட்டில் 4,000, உயரவாட்டில் 3,000 என ஒரு கோடியே இருபது இலட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வேண்டும். அப்படியே சேமித்தால் 36 மெகாபைட் ஆக வேண்டிய படம் கைப்பேசியில் மூன்று நான்கு மெகாபைட்டில் அடங்கியிருப்பது ஏன் என்று கேட்டால், சுருக்கம் என்ற பாடம் தானாகவே வந்துவிடும். அதே படத்தை 200க்கு 230 என்ற அளவுக்குக் குறைத்தால் புள்ளிகள் 46,000, பைட் 1,38,000, ஜேபெக் என்ற படச் சுருக்க முறையில் சுருக்கினால் 50 கிலோபைட்டுக்குள் எளிதாக அடங்கும். இதை மாணவர் தம் கையால் ஒருமுறை செய்துவிட்டால், பைட் என்றால் என்ன, கிலோபைட் என்றால் என்ன என்பதை வாழ்நாளில் மறக்க மாட்டார். இரண்டு மதிப்பெண் வினாவில் எழுதிய வரையறை தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கான இத்தாளில் தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வைக்கப்பட்டுள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். தமிழ் இலக்கணம் அறிந்த ஒருவருக்கு இது இரண்டு வாரப் பழக்கம். எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையை விளக்க ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி என்ற பட்டியலின் 128 குறிகளை எழுதச் சொல்கிறோம். அதற்கு மாறாக, தட்டச்சகத்தில் ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்து வாங்கிய கட்டுரை வேறு கணினியில் திறந்தால் ஏன் புரியாத குறிகளாகத் தெரிகிறது என்று கேட்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) ஏன் வந்தது என்பது அங்கே விளங்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி தமிழில் 70 குறிகளோடு ஏன் முடிந்துவிடுகிறது என்று கேட்கலாம். 'கணினி' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாகவும், ஒருங்குறியைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டாகவும் சேமிக்கப்படுவதை மாணவர்கள் தம் கண்ணால் பார்த்த அன்று என் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். க, ண, இகரக் குறி, ன, மீண்டும் இகரக் குறி என்று அவர்களே எண்ணிச் சொன்னார்கள். பாடத்திட்டத்தில் அது இல்லாததால் உணவு இடைவேளையில்தான் என்னால் அதை நடத்த முடிந்தது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இக்கோரிக்கைக்குப் புதிய கட்டடமோ விலைகொடுத்து வாங்கும் மென்பொருளோ தேவையில்லை. எழுதவும் கணக்கிடவும் உதவும் லிப்ரே ஆஃபீஸ் மென்பொருள் இலவசம். சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய கணினிகளில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எங்கள் ஆய்வகத்தில் முடங்கிக் கிடந்த இரண்டு இயந்திரங்களை நானும் மூன்று மாணவர்களும் ஒரு விடுமுறை நாளில் அப்படித்தான் இயங்கவைத்தோம். 59 பேருக்கு 11 கணினி என்றாலும், ஆளுக்கு அரைமணி நேரம் எனக் குழு குழுவாக இரண்டு நாள்களில் தேர்வை நடத்திவிடலாம். வேதியியல் துறை பன்னெடுங்காலமாகச் செய்முறைத் தேர்வை இப்படித்தானே நடத்தி வருகிறது? உப்பைக் கண்டறியும் சோதனையை எழுத்தில் மட்டும் தேர்வு வைத்து எந்தப் பல்கலைக்கழகமும் வேதியியல் பட்டம் கொடுப்பதில்லை.

தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, அடுத்த கல்வியாண்டில் இருப்போமா என்று தெரியாமல் விடுமுறைக்குச் செல்லும் எங்களைப் போன்றோரின் நிலை, ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத ஆய்வக உதவியாளர் பணியிடம், ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும் பாடநூல்கள், அவற்றைத் தவறாகத் தமிழ்ப்படுத்தி விற்கும் கைடுகள் என்று முறையிட இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றையெல்லாம் இங்கே விரித்தால் கேட்க வந்தது மறைந்துபோகும். ஆகவே விட்டுவிடுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான்: பாதி மதிப்பெண், கணினியின் முன், ஒவ்வொரு மாணவரும் தனியாக.

அந்தத் தேர்வில் என்னென்ன கேட்கலாம் என்று தாங்கள் விரும்பினால் எழுதித் தரக் காத்திருக்கிறேன். தம் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் தாமே உருவாக்கி, கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொள்வது. ஒரு படிவத்தை நிரப்பி, அனுப்பும் முன் சரிபார்ப்பது. தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்வது. வீட்டுச் செலவை எக்செல் போன்ற அட்டவணையில் கூட்டிப் பார்ப்பது. வங்கியிலிருந்து வந்ததுபோல வரும் போலிக் குறுஞ்செய்தியை அடையாளம் காண்பது. இணைய மோசடியில் பணம் பறிபோனால் 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்று அறிந்திருப்பது. பட்டம் பெற்று வெளியே போகிற ஒருவருக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படுபவை இவை.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலுமானால் அதற்கு முன் உறுப்பினர் ஒருவராவது எங்கள் கல்லூரிக்கு ஓர் ஆய்வக வேளையின்போது வந்து, பின்வரிசையில் பத்து நிமிடம் அமர்ந்து பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு ஏதும் தேவையில்லை.

அந்த மாணவிக்குக் கடந்த மாதம் மாலை நேரங்களில் ஆய்வகத்தைத் திறந்து சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாள்கள் போதுமானதாக இருந்தன. இப்போது அவருக்கென்று ஒரு மின்னஞ்சல் இருக்கிறது; படத்தை அவரே சுருக்குகிறார்; வரும் ஆண்டு விண்ணப்பத்தைத் தாமே நிரப்பப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதே வகுப்பில் இன்னும் 58 பேர் இருக்கிறார்கள். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கௌரவ விரிவுரையாளர் ஒருவர்