டெரியாக்கிக்குச் சோள மாவு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, டெரியாக்கி சிக்கன் என்னும் ஜப்பானியக் கோழி உணவின் செய்முறையில், கோழியை இஞ்சி பூண்டு விழுதில் ஊறவைத்து, சோள மாவில் புரட்டிப் பொரித்தெடுத்து, சோயா சாஸிலும் சோள மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கச் சொல்லியிருந்தீர்கள். சுவைக்குக் குறைவிருக்காது, ஆனால் அது எங்கள் வண்ணாரப்பேட்டைத் தள்ளுவண்டிகளில் மாலைதோறும் கிடைக்கும் சில்லி சிக்கனில் சர்க்கரை சேர்த்தது போன்றதே தவிர, டெரியாக்கி ஆகாது.

மரபான ஜப்பானியச் சாறுக்கு வேண்டியவை சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பான அரிசி மது, சாக்கே என்னும் மற்றோர் அரிசி மது, சர்க்கரை ஆகிய நான்கே. இவை சேர்ந்து சுண்டும்போதே பாகுப் பதம் வந்து, கறியின் மேல் மினுமினுப்பாகப் படிந்துவிடும். எலும்பு நீக்கிய தொடைக்கறியைத் தோலோடு வாங்குவது முக்கியம். நம் கறிக்கடைகளில் வாய் திறப்பதற்குள் தோலை உரித்துவிடுவார்கள் என்பதால், எடை போடும்போதே சொல்லிவிட வேண்டும் (தோலோடு வாங்கினால் விலையும் குறைவு). எண்ணெய் விடாமல், தோல் பக்கம் அடியில் இருக்கும்படி மிதமான தீயில் வைத்தால், உருகும் கொழுப்பிலேயே அது பொன்னிறமாக முறுகும். பிறகு திருப்பிப் போட்டு, உள்வரை வெந்ததும், தேங்கிய கொழுப்பைத் துடைத்தெடுத்த பின்னரே சாறை ஊற்ற வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் சாறு கறியில் ஒட்டாது. முன்கூட்டியே ஊற்றினாலோ கறி வேகுமுன் சர்க்கரை கருகிவிடும்.

மிரினும் சாக்கேவும் எங்கள் பகுதி மளிகைக் கடைகளில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மதுவைச் சமையலறைக்குள் விடாத வீடுகள் பல. அவர்கள் தண்ணீரும் கூடுதல் சர்க்கரையும் சில துளி வினிகரும் சேர்த்துக்கொள்ளலாம், மணம் சற்றுக் குறையும். சோயா சாஸில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சோயா பீன்ஸும் கோதுமையும் உப்புநீரில் மாதக்கணக்கில் நொதித்து உருவாவது ஒரு வகை. புரதத்தை அமிலத்தால் சிதைத்து, கேரமல் நிறம் ஏற்றி விற்கப்படுவது இன்னொரு வகை. இரண்டாவதைச் சுண்டவைத்தால் கரிப்பும் கசப்புமே மிஞ்சும். பாட்டிலின் பின்புறத்தைப் படித்து வாங்கும்படி உங்கள் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வெளியூர்ச் சுவை வடசென்னைக்கு ஆகாது என்று எண்ணி நீங்கள் செய்முறையை மாற்றியிருந்தால், அந்தத் தயக்கம் தேவையில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவை இன்றும் கடற்கரை ரயில் நிலையத்தருகே நின்றுகொண்டே உண்பவர்கள் நாங்கள். மேலும், ஜப்பானியர் இதே சாறில் புரி என்ற மீனையும் சமைக்கிறார்கள். அது நம் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. காசிமேட்டில் பாறைக்கா பஞ்சம்?

அடுத்த முறை இச்செய்முறையை வெளியிடும்போது, உப்புத் தனியே சேர்க்க வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவோ நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தங்கள் செய்முறையில் 3 மேசைக்கரண்டி சாஸும், அதற்கு மேல் "தேவையான அளவு உப்பு"ம் இருந்தன.

இப்படிக்கு,
வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை