மலைப்பாதையில் பறித்த காளானைச் சமைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் குறித்த கட்டுரைகள் பயணப் பக்கங்களில் இப்போது அடிக்கடி வெளிவருகின்றன. காலணி எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும், வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் விரிவாகவே சொல்லப்படுகின்றன. ஆனால், மழை ஓய்ந்த காட்டில் நடப்பவர் கண்ணில் படாமல் போகாத காளான்களைப் பற்றி எச்சரிக்கையாக ஒரு வரிகூட இருப்பதில்லை. சில வேளைகளில், வழியில் பறித்த காளானைக் கூடாரத்தின் முன் அடுப்பு மூட்டி வதக்கிச் சாப்பிட்டது பயணத்தின் சுவையான பகுதியாகவே வருணிக்கப்படுகிறது. படிப்பவர்களுள் ஒருவரேனும் அப்படியே செய்து பார்க்கக்கூடும் என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நச்சுக் காளானைத் தின்றால் உடனே வாந்தி வரும், வந்ததும் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி உடனே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் காளான்கள் பல உண்டு. அவற்றால் படும் அவதி பெரிது என்றாலும், உடல்நலமுள்ளவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் தாமதமாக வேலையைக் காட்டுபவை. டெத் கேப் எனப்படும் அமனிட்டா ஃபலாய்டிஸ் அவற்றுள் முதன்மையானது. அதைச் சாப்பிட்டவருக்கு 6 முதல் 12 மணி நேரம் வரை, சிலருக்கு ஒரு நாள் வரையிலும்கூட, எந்தத் தொல்லையும் தெரியாது. கசப்போ காரலோ இல்லாமல் ருசியாகவே இருந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு வயிற்றைப் பிசையும் வலியும், தண்ணீராய்ப் போகும் பேதியும், ஓயாத வாந்தியும் தொடங்குகின்றன. ஓரிரு நாளில் அவையும் அடங்கிவிடுகின்றன. நோயாளி எழுந்து உட்காருகிறார், பசிக்கிறது என்கிறார், வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் அவருடைய கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் காளானில் உள்ள அமடாக்சின் என்ற நஞ்சு, உயிரணுக்கள் புரதம் செய்வதற்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. புரதத்தை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் உறுப்பு கல்லீரல் என்பதால், முதல் அடியும் பெரிய அடியும் அதற்குத்தான். பித்தநீரோடு குடலுக்குள் வெளியேறும் நஞ்சு அங்கே மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பி வருவதால், ஒரு வேளை உணவின் கேடு ஒரு வேளையோடு முடிவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, சிறுநீரகச் செயலிழப்பு, நினைவிழப்பு என்று நிலைமை முற்றுகிறது. எல்லோரையும் காப்பாற்றிவிடும் மாற்று மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. நெருஞ்சில் போன்ற முட்களைக் கொண்ட ஒரு செடியிலிருந்து எடுக்கப்படும் சிலிபினின், நீரிழப்பை ஈடுகட்டும் சிகிச்சை ஆகியவை பலருக்கு உதவியிருக்கின்றன என்றாலும், கைமீறிப் போனவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழி. வேகவைத்தாலும், வெயிலில் உலர்த்தினாலும், உறையவைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. ஒரே ஒரு காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது.

இந்த மணிக்கணக்கை மலையேறுபவரின் நாளோடு பொருத்திப் பார்த்தால்தான் ஆபத்தின் முழு அளவு புரியும். மாலையில் கூடாரத்தில் சமைத்து உண்டவர் இரவு நன்றாக உறங்கி, விடியற்காலையில் எழுந்து, இன்னும் உள்ளே, இன்னும் உயரத்துக்கு நடக்கத் தொடங்கியிருப்பார். வயிறு கலங்கும்போது அவர் வாகனம் வரக்கூடிய சாலையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் இருப்பார். கைபேசியில் சிக்னலும் இருக்காது. முந்தைய நாளின் காளான் நினைவுக்கு வருவதற்கு முன்பு, ஓடையில் குடித்த தண்ணீர்மேல்தான் பழி விழும். ஓய்வெடுத்ததும் வலி குறைந்தால், சரியாகிவிட்டது என்று மேற்கொண்டு நடப்பார்கள். உடன் உண்டவர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இது நேர்வதால், உதவி தேடி ஓடத் தெம்புள்ளவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லாமல் போகலாம். ஊரில் இருந்துகொண்டு தவறான காளானைத் தின்பதைக் காட்டிலும் மலையில் அதைச் செய்வது பல மடங்கு கொடியது என்று நான் கருதுவது இதனால்தான்.

அடையாளம் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள், அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டெத் கேப் முதலில் இலைச்சருகுக்குள் ஒரு சிறிய வெள்ளை முட்டையைப் போலவே கிடக்கும். வளரும்போது அந்த உறை கிழிந்து, வெளிர்ப் பச்சையோ மஞ்சள் கலந்த பழுப்போ ஆன குடை மேலே எழும். கிழிந்த உறை தண்டின் அடியில் ஒரு பையாகத் தங்கிவிடும். அந்தப் பை மண்ணுக்குள் இருக்கிறது. தண்டைப் பிடித்து ஒடித்துப் பறிப்பவரின் கையில் குடையும் தண்டும் மட்டுமே வரும். ஆளைக் காட்டிக்கொடுக்கும் பகுதி மண்ணிலேயே நின்றுவிடும். தண்டில் பாவாடை போலத் தொங்கும் மெல்லிய வளையமும் மழையில் கரைந்தோ கழன்றோ போயிருக்கலாம். குடையின் நிறமும் மழைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். ஆசியாவில் பரவலாக உண்ணப்படும் வைக்கோல் காளானுக்கும் இளம் பருவத்தில் இதே முட்டை வடிவமும் அடியில் இதே பையும் உண்டு. ஆசிய நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்கள், தமக்குப் பழக்கமான காளான் என்று எண்ணியே டெத் கேப்பைப் பறித்து மாண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு உரிய இந்தக் காளான் மரக்கன்றுகளின் வேர்களோடு ஒட்டிக்கொண்டு அந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. முதிர்ந்த குடையை வெட்டி ஒரு தாளின்மேல் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்தால், வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகவும் டெத் கேப்பின் தூள் வெள்ளையாகவும் படியும். ஆனால் பசியோடு அடுப்பின் முன் அமர்ந்திருப்பவர் இரவு முழுவதும் காத்திருக்கப் போவதில்லை.

வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான், நத்தையோ புழுவோ கடித்திருந்தால் நல்ல காளான், பளிச்சென்ற நிறம் இல்லாவிட்டால் நல்ல காளான் என்பவை அனைத்தும் பொய். அமடாக்சினைத் தாங்கிக்கொள்ளும் பூச்சிகள் உண்டு. கரண்டி கறுப்பதற்கும் நஞ்சுக்கும் தொடர்பே இல்லை. ஒரு படத்தைப் பார்த்துக் கைபேசிச் செயலி சொல்லும் பெயரும் இவற்றைக் காட்டிலும் நம்பத்தகுந்தது அன்று, ஏனெனில் மண்ணுக்குள் இருக்கும் பையைப் படம் காட்டாது.

அறிந்தவர் உடன் இருக்கிறார் என்ற துணிச்சலும் பலரைக் கெடுத்திருக்கிறது. இசையமைப்பாளர் யோஹான் ஷோபர்ட் 1767ஆம் ஆண்டு பாரிஸ் அருகே பறித்த காளான்களால் தம் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இறந்தார். அவை உண்ணத்தக்கவையே என்று சொன்னவர் அந்த நண்பர்களுள் ஒருவரான மருத்துவர் என்று கூறப்படுகிறது. ஆங்கில நாவலாசிரியர் நிக்கலஸ் எவன்ஸ் 2008இல் ஸ்காட்லாந்தில் உறவினர்களோடு உண்டது கார்டினேரியஸ் இனக் காளான். சிறுநீரகத்தைத் தாக்கும் அதன் நஞ்சு சிலரிடம் இரண்டு வாரங்களுக்குப் பிறகுகூட வெளிப்படுவது உண்டு. எவன்ஸின் சிறுநீரகங்கள் செயலிழந்து, 2011இல் தம் மகள் கொடுத்த சிறுநீரகத்தால்தான் அவர் மறுவாழ்வு பெற்றார். என்னை மிகவும் உலுக்கியது ஜெர்மானியக் காளான் அறிஞர் யூலியஸ் ஷேஃபரின் கதை. 1944இல் அவர் உயிரைக் குடித்த பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ், அக்காலத்தில் பலரும் சமைத்து உண்டுவந்த காளான். பலமுறை உண்ட பிறகு, ஒரு நாள் உடலின் எதிர்ப்பாற்றலே திரும்பி நின்று சிவப்பணுக்களைச் சிதைக்கும்படி செய்யக்கூடியது அது. இத்தனை காலம் தின்றோமே, ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதத்துக்கு இதற்கு மேல் மறுமொழி தேவையில்லை.

தின்னாமல் தேடுவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். காளான் தேடுபவரின் பார்வை நிலத்தில் மட்டுமே இருக்கும். ஒன்றைக் கண்டதும் அடுத்தது, அதற்கு அப்பால் இன்னொன்று என்று அவர் பாதையை விட்டு இறங்கிக்கொண்டே போவார். அவை செழிக்கும் இடமோ ஈரம் சொட்டும் செங்குத்தான சரிவு. சருகுக்கு அடியில் வழுக்கும் வேர் இருக்கிறதா, வெற்றிடம் இருக்கிறதா என்பது காலை வைத்த பிறகுதான் தெரியும். 2010ஆம் ஆண்டு வட இத்தாலியின் மலைகளில் சில நாட்களுக்குள்ளாகவே காளான் தேடச் சென்ற 18 பேர் இறந்ததாகச் செய்தி வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் சரிவுகளில் வழுக்கி விழுந்தவர்கள்.

காளான் பறிப்பதே கூடாது என்பது என் வாதம் அன்று. இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும், பறித்துவந்த கூடையை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் பயிற்சி பெற்ற பரிசோதகர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் கழித்துக்கட்டும் ஏற்பாடு உண்டு. முழுக் காளானையும் அடியோடு தோண்டி எடுத்து, ஊருக்குத் திரும்பி, தேர்ந்தவரிடம் காட்டிய பிறகு உண்பது ஒரு முறை. பறித்த இடத்திலேயே அடுப்பேற்றுவதில் அந்தக் காவல் எதுவும் இல்லை என்பதால், மலைப்பாதையில் அதை அறவே தவிர்க்க வேண்டும் என்கிறேன். நின்று பாருங்கள், படம் எடுங்கள், தொட்டும் பாருங்கள். தொடுவதால் இந்த நஞ்சு ஏறாது.

தங்கள் நாளிதழ் மலையேற்றக் கட்டுரைகளை வெளியிடும்போது, உடன் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக இவற்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: அடையாளம் உறுதியாகாத காளானை உண்டுவிட்டது தெரிந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மலையை விட்டு இறங்க வேண்டும். உண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, மீந்த காளானையும், பறித்த இடத்தில் கிடக்கும் துண்டுகளையும் நெகிழிப் பையில் அல்லாமல் காகிதத்தில் பொதிந்து மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அதே சட்டியிலிருந்து உண்ட அனைவரும், நன்றாக இருப்பதாகச் சொல்பவர்கள் உட்பட, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்பதற்காகக் கல்லீரல் பரிசோதனை முடியும்முன் யாரும் வீடு திரும்பக் கூடாது.

இப்படிக்கு,
மலையேற்றத்தில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்