ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய் பள்ளிக்கு எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் நடந்த பெற்றோர் சந்திப்பில், எனக்குரிய ஐந்து நிமிடம் முடிந்த பின்னும் நான் ஏன் இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்த பெற்றோரிடம் அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிறாள் என்று அன்று எனக்குச் சொல்லப்பட்டது. எப்போதிருந்து என்று கேட்டேன். வகுப்பு தொடங்கிய இரண்டாம் மாதத்திலிருந்தே அப்படித்தான் என்று பதில் வந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது ஏழாம் மாதம். இடையில் கழிந்த அந்த ஐந்து மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல். அன்று பேச நேரம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நான் நிதானமாகப் பேசியிருப்பேன் என்று சொல்வதற்கில்லை. ஆகவே எழுதுகிறேன். என்னைப் போன்ற மற்றப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில் அந்தந்த வாரம் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பத்தியளவில், எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். ஒரு பிள்ளை ஓரிடத்தில் தடுமாறுவது ஆசிரியருக்குப் புலப்பட்டால், அந்த வாரத்திலேயே அந்தப் பிள்ளையின் வீட்டாருக்கு மட்டும் சொல்லுங்கள்.

வீட்டில் நாங்கள் கண்ட காட்சி வகுப்பில் தாங்கள் கண்டதற்கு நேர்மாறாக இருந்தது. ஒவ்வோர் இரவும் என் மகள் பாடநூலை மடியில் விரித்து, வரிகளின் கீழே விரலை நகர்த்தியபடி, பக்கம் பக்கமாக வாசிப்பாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாட்டியை அழைத்து எதிரே உட்கார வைத்து வாசித்துக் காட்டுவாள், பாட்டி பூரித்துப்போவார். அரையாண்டு மதிப்பீட்டு அட்டையிலும் வாசிப்புக்கு எதிரே 'நன்று' என்றுதான் எழுதியிருந்தது. பாடத்தை ஒப்பிக்கச் சொல்லி அந்த மதிப்பீடு இடப்பட்டது என்பதைச் சந்திப்பில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த ஒரே எழுத்துபூர்வமான தகவல் அந்த ஒற்றைச் சொல். அதை நாங்கள் நம்பினோம்.

சந்திப்பு முடிந்த அன்று மாலை, பாடநூலில் மான் படம் போட்ட பக்கத்தை எடுத்து, படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கீழே இருந்த சொல்லைக் காட்டினேன். 'மரன்' என்றாள். வெறும் தாளில் 'நாய்' என்று எழுதிக் கொடுத்தேன். 'நரய்' என்றாள். காகம் 'கரகம்' ஆயிற்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது: துணைக்கால் அவள் கண்ணுக்கு 'ர' என்ற எழுத்தாகவே தெரிந்துவந்திருக்கிறது. இரண்டும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பவை. ஆறு வயதுக் கண் அவற்றைக் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. அவளுக்கு 'ம' தெரியும், 'ர' தெரியும், 'ன்' தெரியும்; தெரிந்ததை வைத்து ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறாள். பக்கத்தில் நிற்கும் அந்தக் கோடு தனி எழுத்து அன்று, தனக்கு முன்னுள்ள எழுத்தின் ஒலியை நீட்டச் சொல்லும் குறி என்ற ஒரே ஒரு செய்தி அவளிடம் போய்ச் சேரவில்லை. படம் இருந்த பக்கங்களில் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். வகுப்பே சேர்ந்து உரக்க வாசிக்கும் பாடங்களைக் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டாள். நாங்கள் வாசிப்பு என்று மகிழ்ந்தது அவளுடைய நினைவாற்றலை.

நான் கையை எடுக்கும்வரை அவள் அழவில்லை. “படத்த மறைக்காதம்மா” என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த ஐந்து மாதங்களில் கதைப்புத்தகம் ஏதேனும் புதிதாகக் கொடுத்தால், “இது எங்களுக்கு நடத்தல” என்று ஒதுக்கிவிடுவாள். வகுப்பில் கவனிக்காமல் விளையாடிவிட்டு வந்து சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் கடிந்துகொண்ட நாள்கள் உண்டு. ஒருநாள் பொய் சொல்லாதே என்றும் சொன்னேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அவள் சொன்னது பொய்யே இல்லை. அந்தச் சொற்கள் அவளுக்கு உண்மையிலேயே நடத்தப்படாதவைதான்.

இதைச் சரிசெய்ய எங்களுக்கு எத்தனை நாள் தேவைப்பட்டது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். அட்டையில் ஒரு துணைக்காலை மட்டும் தனியாக வெட்டி எடுத்தோம். 'ப' பக்கத்தில் வைத்தால் 'பா', எடுத்தால் 'ப'. படம் பாடமாகும், கல் காலாகும், மலை மாலையாகும். வைத்தும் எடுத்தும் இரவுக்குப் பத்து நிமிடம் விளையாடினோம். பிறகு துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கும் சொற்களைக் கொடுத்தேன். பதினாறாம் நாள் இரவு 'வாரம்' என்ற சொல்லை, படமில்லாமல், யாரும் சொல்லித் தராமல், அவளாகவே வாசித்தாள். பதினாறு இரவுகள், பத்துப் பத்து நிமிடம். இதற்காகவா ஐந்து மாதம்? இரண்டாம் மாதத்தில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால், மூன்றாம் மாதத்தில் அவள் வாசித்திருப்பாள். என் சினம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதல் வகுப்புத்தானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று சந்திப்பில் எனக்கு ஆறுதல் கூறப்பட்டது. நல்ல எண்ணத்தில்தான் கூறினீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை என்னால் ஏற்க இயலவில்லை. கோனி ஜூவல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து, 1988ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். முதல் வகுப்பின் முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை, நான்காம் வகுப்பின் முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 100க்கு 88 என்று அவர் கண்டார். அவை ஆங்கிலம் வாசிக்கக் கற்ற பிள்ளைகள், எண்ணிக்கையும் சிறியது. எனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே விதி என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் போகப்போகச் சரியாகிவிடும் என்ற வாக்கை நம்பிக் காத்திருக்க எந்தத் தாய்க்கும் துணிவு வராது என்பதற்கு அந்த ஓர் எண் போதும். நமது எழுத்து முறையில் இந்த அச்சம் இன்னும் கூடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள். அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தேவையில்லாதபடி காப்பவை துணைக்காலும் கொம்பும் சுழியும்தான். அந்தக் குறிகளுள் ஒன்று பிடிபடாமல் போனால், அது இடம்பெறும் சொற்கள் அத்தனையும் பிள்ளைக்குப் பூட்டிய கதவுகளாகிவிடுகின்றன.

எங்களுக்குத் தகவலே வருவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்புக்கென உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஏறத்தாழ நாள்தோறும் செய்தி வருகிறது. விழாவுக்கு என்ன நிறத்தில் உடுத்தி வர வேண்டும், எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் நிரப்பித் தர வேண்டும், நோட்டுகளுக்கு எந்த நிறத்தில் அட்டை போட வேண்டும், எந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் தவறாமல் வருகின்றன. சந்திப்பு நடந்த அன்றிரவு தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு செய்தியும் அதில் இல்லை. வேலைவாங்க வேண்டிய இடத்தில் பெற்றோரைத் தேடுகிறீர்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றி மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும் என்று இருந்துவிடுகிறீர்கள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் முதன்மைப் பொறுப்பு பெற்றோருடையது என்றும், அதற்கு உரிய துணையை அரசுகள் அளிக்க வேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளி எங்களுக்குத் தரக்கூடிய துணைகளில் மிக எளியது, என்ன நடக்கிறது என்று சொல்வது.

சொல்லாததால் வீடும் வகுப்பும் பிள்ளையை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. வரிசையில் எனக்கு அடுத்து நின்ற ஒரு தந்தை வெளியே வந்து சொன்னது இது. எட்டும் ஐந்தும் கூட்டுவதற்கு வகுப்பில் எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கக் கற்பித்திருக்கிறீர்கள். அருமையான முறை அது. பின்னாளில் மனக்கணக்குக்கு அடித்தளமாக நிற்கக்கூடியது. அவரோ தாம் படித்தபடி விரல்விட்டு எண்ணச் சொல்லி, மகன் மறுத்தபோது அடம்பிடிக்கிறான் என்று அதட்டியிருக்கிறார். அந்தப் பையன் இருவரில் யாருக்குக் கீழ்ப்படிவான்?

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததன்று. ஒரு வகுப்பறையில் அத்தனை சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மூக்கு ஒழுகுவதையும் இன்னொருவர் பென்சில் தொலைந்ததையும் கவனித்துக்கொண்டே எழுத்தைக் கற்பிப்பது எளிய காரியம் இல்லை. என் மகள் திணறுவதை இரண்டாம் மாதத்திலேயே கண்டுபிடித்தவர் வகுப்பாசிரியர்தான். அந்தக் கூர்மைக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாராவாரம் அறிக்கை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு பத்தி போதும். இந்த வாரம் துணைக்கால் சேர்ந்த எழுத்துகளைத் தொடங்கியிருக்கிறோம். சில பிள்ளைகளுக்கு அது 'ர' போலத் தோன்றலாம். வீட்டில் படத்தை மறைத்துவிட்டு நான்கைந்து சொற்களை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தவறினால் கடிந்துகொள்ளாமல் எங்களிடம் சொல்லுங்கள். இவ்வளவுதான். எழுதப் பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை எழுதிய பத்தியை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அனுப்பலாம், ஏனெனில் துணைக்கால் மாறப்போவதில்லை.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரில் முன்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாரம் மூன்று குறுஞ்செய்திகளை எட்டு மாத காலம் அனுப்பி, அதன் விளைவை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் யார்க், லோப் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எழுத்தையும் ஒலியையும் வீட்டில் எப்படிப் பழக்கலாம் என்பதே அந்தச் செய்திகளின் பொருள். பெற்றோர் வீட்டில் செய்யும் பயிற்சி கூடியது, அவர்கள் பள்ளியோடு கொள்ளும் தொடர்பு கூடியது, பிள்ளைகளின் எழுத்தறிவிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் வாரம் மூன்று அனுப்பினார்கள். நான் ஒன்றுதான் கேட்கிறேன்.

மேலும் இரண்டைச் சொல்ல வேண்டும். எல்லாப் பெற்றோருக்கும் வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பிள்ளைகளைத் தாத்தாவோ பாட்டியோதான் வளர்க்கிறார்கள். அந்தப் பத்தியை ஆசிரியர் தம் குரலில் படித்து ஒரு நிமிட ஒலிப்பதிவாகவும் அனுப்பினால் அது அவர்களையும் சென்றடையும். தன் ஆசிரியரின் குரலை வீட்டில் கேட்பதில் பிள்ளைக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. இரண்டாவது, ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தைப் பொதுக் குழுவில் எழுதவே வேண்டாம். யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற பட்டியலும் வேண்டாம். ஒரு பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதை அந்தப் பெற்றோருக்கு மட்டும், தொலைபேசியிலோ நாட்குறிப்பேட்டில் இரண்டு வரியிலோ சொல்லுங்கள். என் மகள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அதனால்தான் அவளுடைய தடுமாற்றத்தை, பெயர் குறிப்பிடாமல், இங்கே எழுதும் உரிமையை எடுத்துக்கொண்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எழுதும்போது சில இடங்களில் என் சொற்கள் சுட்டிருக்கலாம், பொறுத்தருள்க. கேட்பது மாறவில்லை: வாரத்துக்கு ஒரு பத்தி எல்லாருக்கும், தடுமாறும் பிள்ளையின் வீட்டாருக்கு அந்த வாரத்திலேயே ஒரு வார்த்தை. வரும் வெள்ளிக்கிழமையே தொடங்க முடிந்தால் மிகவும் நன்றியுடையவளாவேன். தட்டச்சு செய்து தரவும், ஒலிப்பதிவை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிச் சேர்க்கவும் நானும் இன்னும் மூன்று தாய்மார்களும் அணியமாக இருக்கிறோம். இதைப் பற்றிப் பேசத் தாங்கள் நேரம் ஒதுக்கினால் எந்த நாளும் வருகிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்பதை மட்டும் இப்போதே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்