மார்ச் 19 என்று போட்ட கையெழுத்து

பட்டுக்கோட்டை
ஐப்பசி 5

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குக் கண் அறுவைக்குப் பிறகு பார்வை தெளிந்திருக்கிறது, காலையில் பத்திரிகையைத் தானே படிக்கிறார். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக நீ முகம் காட்டாமல் பேசி, "வேலை அதிகம் அம்மா" என்று மூன்று நிமிடத்தில் போனை வைத்துவிடுவதைக் குறையாகச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வேலை மிகுந்திருந்த நாட்களில் உன் குரல் எப்படி இருக்கும் என்பதைப் பதினேழு வருடமாகக் கேட்டு வந்திருக்கிறேன். இப்போது கேட்கும் குரல் வேறு.

பிரிட்டனில் உன்னைப் போல் சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் ஓரிடம், ஒரு வருடம் ஓரிடம் என்று கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள், வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று பொதுவாக எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். உன் நண்பர்களுக்காகச் சொல்வது போல் எழுதினால் உனக்குச் சங்கடம் இராது என்று நினைத்து இரண்டு தாள்களை வீணாக்கினேன். உன்னிடம் அப்படிச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு வரவில்லை. ஆகஸ்ட் மாத இன்வாய்ஸுக்கும் செப்டம்பர் மாத இன்வாய்ஸுக்கும் உனக்குப் பணம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவின் நீச்சல் வகுப்பை ஏன் நிறுத்தினீர்கள் என்று நான்தான் விடாமல் கேட்டேன், அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் வந்திருந்தபோது மாடி அறை பீரோவில் உன் ஒப்பந்தத்தின் நகலை விட்டுவிட்டுப் போயிருந்தாய். அதை நான் படித்தேன். ஒரு முறை மேய்ந்துவிட்டு வைக்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு இரவு, பதினான்கு பக்கமும் படித்தேன். அக்கா மகள் பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலை அச்சிட்டுத் தந்தாள், அதையும் படித்தேன். பிள்ளையின் காகிதத்தை எடுத்துப் படிப்பது தவறென்றால் அந்தத் தவறை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்பதாவது பக்கத்தை எடு. வாடிக்கையாளர் நிறுவனம் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்த பிறகுதான் ஏஜென்சி உன் கம்பெனிக்குக் கொடுக்கும் என்று அங்கே எழுதியிருக்கிறது. இரண்டு மாதமாக உன்னிடம் ஏஜென்ட் சொல்லிக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான். ஆனால் 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஏஜென்சி ஒழுங்குமுறை விதிகளில் பன்னிரண்டாவது விதி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நிறுவனம் தனக்குப் பணம் தரவில்லை என்பதையோ, வேலை செய்த நேரத்தைக் குறிக்கும் டைம்ஷீட்டில் அவர்களுடைய கையெழுத்து இல்லை என்பதையோ காரணமாகக் காட்டி, வேலை செய்தவரின் பணத்தை ஏஜென்சி நிறுத்தி வைக்கக் கூடாது. லிமிடெட் கம்பெனி வழியாக வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இந்த விதிகளே எனக்கு வேண்டாம் என்று அவர்களாகவே எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் அது விலகுகிறது. ஆப்ட் அவுட் என்று தலைப்பிட்ட அந்த ஒரு பக்கத் தாளில் நீயும் எழுதிக் கொடுத்திருக்கிறாய். மற்றவர்கள் எழுதும் புரோகிராமை வரிவரியாகப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நீ, உன் சோற்றைப் பற்றிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் அஞ்சலகத்தில் இருந்தவளுக்கு எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தேதியில்தான் கண் போகும். நீ வேலையில் சேர்ந்தது மார்ச் 3. ஆப்ட் அவுட் தாளில் உன் கையெழுத்துக்குக் கீழே நீயே எழுதியிருக்கும் தேதி மார்ச் 19. வேலைக்கு அறிமுகப்படுத்துவதற்கும் அனுப்புவதற்கும் முன்பே, கம்பெனியும் அதன் வழியாக வேலை செய்யப்போகிற ஆளும் இருவருமாக அந்த அறிவிப்பைக் கொடுத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பதினாறு நாள் வேலை பார்த்த பிறகு வாங்கிய கையெழுத்து அதற்குள் எப்படி அடங்கும்? அதைக் கொடுத்தால்தான் வேலை தேடித் தருவேன் என்று நிபந்தனை போடவும் ஏஜென்சிக்கு உரிமை கிடையாது. நான் வக்கீல் இல்லை, தம்பி. ஆனாலும் அங்கே இதை அறிந்த ஒருவரிடம் அந்த இரண்டு தேதிகளையும் காட்டு. காட்டிவிட்டு ஏஜென்சிக்கு எழுத்தில் எழுது. போனில் பேசாதே. போனில் அந்த ஏஜென்ட் உன்னைத் தோளில் கைபோட்ட நண்பனைப் போல அழைப்பான், வார இறுதி எப்படிப் போயிற்று என்று விசாரிப்பான், நீ பணத்தைப் பற்றிக் கேட்க வந்ததையே மறந்து நன்றி சொல்லிவிட்டு வைப்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். எழுத்தில் கேள்.

இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்பதற்கு முன்பே அடையாளம் இருந்தது. ஒரு நாளைக்கு 450 பவுண்டு என்று பேசி, அதை நம்பி நீ இன்னொரு இடத்தை வேண்டாமென்று சொன்ன பிறகு, சேர்வதற்கு முதல் நாள் மாலை நிறுவனம் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டது, 420தான் என்றானாமே. நிறுவனம் உண்மையிலேயே குறைத்ததா, அந்த 30 பவுண்டு நடுவில் தங்கியதா என்பதை நீ அறிய வழியே இல்லை. ஏனென்றால் அவர்கள் ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை உனக்குச் சொல்வதில்லை. அதற்கு முந்தைய வருடம் வேறொருவன் அருமையான வேலை இருக்கிறது, உன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு மேலாளர்களின் பெயரும் எண்ணும் உடனே வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, வேலையே இல்லாமல், அந்த மேலாளர்களைக் கூப்பிட்டு உங்களுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டதை நீ இங்கே சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று சாதம் இறங்கவில்லை. வேறு எங்கெல்லாம் நேர்காணலுக்குப் போகிறாய் என்று கேட்பதும், உன்னைக் கேட்காமலே உன் விவரக்குறிப்பை நாலு இடத்துக்கு அனுப்பிவிடுவதும் அதே வகைதான். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஏஜென்ட்களிடமிருந்து உன் பெயர் போய்ச் சேர்ந்தால் கெடுவது உன் பெயர். எந்த நிறுவனத்துக்கு என்று பெயர் சொல்லி, உன் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்று இனிமேல் யாரிடமும் முதலிலேயே சொல்லிவிடு. எழுத்தில் சொல்.

வரியைத் தவிர்க்கச் சம்பளத்தைக் கடன் என்ற பெயரில் கொடுத்து, கையில் தொண்ணூறு சதவீதம் வரை நிற்கும் என்று ஆசை காட்டும் திட்டங்களில் நீ ஒருபோதும் சேரவில்லைதானே? வருடங்கள் கழித்து அந்நாட்டு வரித்துறை, திட்டத்தை விற்றவர்களை விட்டுவிட்டு வேலை செய்தவர்களைத் துரத்தியதைப் படித்தேன். இதற்கு மட்டும் ஒரு வரி பதில் எழுது.

இப்போது எனக்குத் தூக்கம் வராத விஷயத்துக்கு வருகிறேன். அந்நாட்டில் கம்பெனிகளின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்பதால், கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் அக்கா மகளை விட்டு உன் ஏஜென்சியைத் தேடச் சொன்னேன். கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யவில்லை. வரவேண்டிய பணத்தின் மேல் கடன் வாங்கியதற்கான அடமானப் பதிவும் இருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இராமல் இருக்கலாம், எத்தனையோ ஏஜென்சிகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் நாளைக்கே அது திவாலானால், அடமானம் வைத்திருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார், உன்னைப் போன்றவர்கள் ஈடில்லாத கடன்காரர்களாக வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். வாடிக்கையாளர் நிறுவனம் ஏஜென்சிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் உனக்கு மறுபடியும் கொடுக்க அவர்களுக்குக் கடமை இல்லை. அதனால் பணம் வராமல் நீ வேலை பார்க்கும் ஒவ்வொரு வாரமும் அவனுக்கு நீ கொடுக்கும் கடன். இரண்டு மாதத்தோடு நிறுத்து. விலகும் நோட்டீஸ் எத்தனை நாள் என்பதைப் பார்த்துக்கொண்டு நிறுத்து.

நிறுவனத்தோடு நேரடியாகச் சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு விடமாட்டேன் என்று மிரட்டுகிறானாம். அந்த விதிகளின் கீழ் நீ இருக்கும்வரை, ஏஜென்சி நிறுவனத்திடம் அதற்காகக் கட்டணம் கேட்கக்கூடிய காலம், வேலை முடிந்து 8 வாரம் அல்லது தொடங்கியதிலிருந்து 14 வாரம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரைதான். தாமதமான இன்வாய்ஸுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதமும், தொகைக்கு ஏற்ப 40, 70 அல்லது 100 பவுண்டும் நீ கேட்கலாம். 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஏஜென்சிகளைக் கண்காணிக்கும் அரசுப் பிரிவிடம் புகார் கொடுக்கச் செலவே இல்லை. இத்தனை வழிகள் இருக்கும்போது நீ இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் வெட்கம். மேலத்தெருவிலிருந்து முதலில் விமானம் ஏறியவன் ஏமாந்தான் என்று ஊரில் தெரிந்துவிடுமோ என்கிற வெட்கம். அதை உனக்குக் கொடுத்தவள் நான். மாதம் தவறாமல் நீ அனுப்பியதை ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவளும் நான்தான்.

தம்பி, சின்ன மாமா சவுதியில் இருக்கும் தம்மாமிலிருந்து ஏழு மாதத்தில் ஏன் திரும்பி வந்தான் என்று உனக்குச் சொன்னதெல்லாம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான். 1993இல் திருச்சி ஏஜென்ட் ஒருவன் எலக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லி 38,000 ரூபாய் கேட்டபோது, தாத்தா வடக்குக் கொல்லையை விற்றார். விற்பதற்கு முன்பு ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, "நீதான் ஆங்கிலம் படித்தவள், பார்த்துச் சொல்லு" என்றார். ஊரே தந்தியையும் கடிதத்தையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன காலம் அது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், டிப்ளாய் செய்யப்பட்ட நாட்களுக்கு மட்டுமே சம்பளம் என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை. போஸ்ட் மாஸ்டர் மேசையில் ஆங்கில அகராதி இருந்தது. என் நாற்காலியிலிருந்து நாலு அடி. எழுந்து போய்ப் பார்த்தால் எனக்குத் தெரியவில்லை என்பது கவுன்டரில் நின்ற தாத்தாவுக்குத் தெரிந்துவிடும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவனா என்று கேட்கவும் இல்லை.

டிப்ளாய் என்றால் வேலைத்தளத்துக்கு அனுப்புவது. மாமாவை வேலைக்கு எடுத்தது ஆட்களை வேறு நிறுவனங்களுக்கு அனுப்பும் கம்பெனி. அவர்களுக்கு வேலைத்தளம் கிடைக்காத ஐந்து மாதமும் அவன் கேம்பில் படுத்திருந்தான். ஒரு ரியால் சம்பளம் இல்லை, சாப்பாட்டுக்குக் கொடுத்ததையும் கடனாக எழுதிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வேலை அதிகம் என்றே எழுதினான். அந்தக் கடிதங்களை நான்தான் பிரித்துப் பிரித்துப் படித்தேன். வந்த பிறகும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வரியின் பொருள் எனக்குத் தெரியாது என்பதை இன்றுவரை அவனிடம் நான் சொல்லவில்லை. தாத்தாவிடமும் சொல்லவில்லை, அவர் போய்விட்டார். ஐந்து வாரமாக நீ அதே வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு என்ன ஆகிறது என்று இப்போது உனக்குப் புரியும்.

உன் ஒப்பந்தத்தில் எனக்குப் புரியாத சொற்கள் ஆறு மீதி இருக்கின்றன. அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். உனக்கும் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று என்னிடம் சொல்.

பங்குனியில் முதிர்ந்த அஞ்சலக வைப்புத் தொகையை நான் திரும்பப் போடவில்லை. அது உனக்குத்தான். வீட்டுத் தவணைக்குப் பயந்து அவன் நீட்டும் அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிடாமல் இருப்பதற்காக வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று மறுக்காதே. மாமா வெள்ளிக்கிழமை வருகிறான். இந்த முறை அந்த மூன்றாம் பக்கத்தை அவனிடம் காட்டப்போகிறேன், பெட்டியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முகத்தைக் காட்டு. ஒன்பதாவது பக்கத்தையும் மார்ச் 19 தாளையும் கையில் வைத்துக்கொள். நானும் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா