மாற்றுச் சான்றிதழ் கேட்க வருவதற்கு முன்: தலைமையாசிரியர் கடிதம்

வால்பாறை

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைத் தம் பொறுப்பில் வளர்த்துவரும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. மழையும் பிடித்துக்கொண்டது. வழக்கமாக இந்த நேரத்தில் குடை, காலணி, காய்ச்சல் பற்றித்தான் உங்களுக்கு எழுதுவேன். இந்த முறை வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வியாழக்கிழமை நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி என் அறைக்கு வந்தார். பேத்திக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள். 58 வயது முடிந்து பணி ஓய்வு ஆகிவிட்டது. வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லாததால், தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுக்கும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளையை அங்கே ஒற்றை அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்றுதான் இத்தனை நாள் இங்கே விட்டிருந்தார்கள். இனி வேறு வழியில்லை. “இங்கேயே டவுனில் ஒரு வீடு பிடித்து இருந்துவிடலாமா டீச்சர்?” என்று கேட்டார். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து மாதம் 1000 ரூபாய். அதில் வாடகை எது, அரிசி எது? என்னால் ‘இருங்கள் அம்மா’ என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இந்தப் பள்ளியில் நான் எழுதும் மாற்றுச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். எந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகப் போகிறது என்று தெரிந்துகொள்ள வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் இந்த ஆண்டு யார் யாருக்குப் பணி ஓய்வு என்று விசாரித்தாலே போதும்.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நகராட்சியில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்தோம். 2011இல் 70,859 பேர். பத்தே ஆண்டுகளில் நான்கில் ஒருவர் மலையிறங்கிவிட்டார். போனவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தமிழ்நாடு முழுவதுமே மூப்படைந்துவருகிறது என்பது உண்மைதான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆனால் சமவெளி ஊர்களில் மெதுவாக நடப்பது இங்கே வேகமாக நடக்கிறது. இங்கே வீடும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் வேலைக்கு வெளியே போனால் பெற்றோர் வயதான காலத்தில் வீட்டையும் இழக்கிறார்கள். இளைஞர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மழையில் அட்டைக்கடியோடு மலைச்சரிவில் நின்று பறித்த தாய், தன் மகளுக்கு அந்த வேலை வேண்டாம் என்று நினைத்ததில் என்ன தவறு? கூலியும் வீடும் மாறினால்தான் இருப்பார்கள். அதைப் பேச வேண்டியவர்கள் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அரசும்.

ஆள் இல்லாததன் விளைவை உங்களைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. தேயிலைக் காட்டுக்கு ஆள் குறைந்தால் பறிப்புச் சுற்று தள்ளிப்போகிறது. பத்து நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து இருபது நாள் நின்று முற்றிவிடுகிறது. கையால் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. முற்றிய இலைக்கு நல்ல தூள் வராது, நல்ல விலையும் வராது. விலை வராத தோட்டம் கூலியை உயர்த்தாது. கூலி உயராவிட்டால் மறுபடி ஆள் போகிறது. இந்தச் சுழலின் கடைசி வளையம் பள்ளிக்கூடம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி என்று மாற்றப்படுவார். இப்போதே இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் உட்காருகின்றன. இன்னும் ஓர் ஆசிரியர் போனால் மீதமிருக்கும் பெற்றோரும் பொள்ளாச்சியைப் பார்ப்பீர்கள். உங்களைத் தடுக்க எனக்கு வாய் இருக்காது.

ஆனால் நம் லைன்களில் பிள்ளைகளே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருக்கிறார்கள். அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். காலையில் பெற்றோர் காட்டுக்குப் போனதும், எட்டு வயதுப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று நான் கேட்டபோது ஒரு தகப்பன், கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை, மொழியும் தெரியாது, சேர்க்க மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்று பாதி இந்தியிலும் பாதிச் சைகையிலும் சொன்னார். பக்கத்து வீட்டில் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்ப்போம். இதை அவர்கள் வீட்டுப் படியில் நின்று சொல்ல உங்களால் முடியும். நான் போனால் ‘அதிகாரி வந்திருக்கிறார்’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதும்போது மனம் கனக்கிறது. 2025ஆம் ஆண்டில் ஜூன் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நம் தோட்டங்களில் காட்டு விலங்குக்குப் பலியான இரண்டு குழந்தைகளும் இப்படி வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பொழுது சாய்ந்தால் தேயிலைச் செடி ஓரம் பிள்ளையை விடக்கூடாது, வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடக்கூடாது, யானை நடமாட்டம் என்றால் எந்தப் பாதையை விட வேண்டும் என்பதெல்லாம் நமக்கு நாலு தலைமுறை சொல்லிக்கொடுத்தது. அவர்கள் வந்து நாலு மழை கூட ஆகவில்லை. நம் முன்னோரும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவர, காடு தெரியாமல் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள்தானே? ஜார்க்கண்ட் பகுதி மக்களை அதே காலத்தில் அசாம் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள்.

ஓய்வு பெற்று இன்னும் இங்கே இருக்கும் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் பேரனையோ பேத்தியையோ காலையில் கொண்டுவந்து விடும்போது, அதே லைனில் இருக்கும் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்து வாருங்கள். மாலையில் சிறப்பு வகுப்பு எதுவும் வைக்கமாட்டோம். 4 மணிக்குள் எல்லாரும் பள்ளியிலிருந்து கிளம்பிவிட வேண்டும். அப்போதும் கூட்டமாக அழைத்துப் போங்கள். வழியில் அவர்களோடு தமிழில் பேசிக்கொண்டே நடங்கள். வகுப்பறையில் நாங்கள் ஒரு மாதத்தில் சொல்லித் தருவதை உங்களோடு நடந்தே அவர்கள் கற்றுக்கொள்வார்கள். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் முதலில் பேசிய முழு வாக்கியம் ‘தாத்தா, பாத்துப் போங்க’ என்பது. அதை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவன் படிக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு சொல். ‘படிக்காவிட்டால் கொழுந்து பறிக்கத்தான் போவாய்’ என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அந்த வீட்டில் கொழுந்து பறிக்கும் பாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவும் அதே வேலைதான் செய்கிறார். இந்த ஊருக்கு இனி நர்ஸ் வேண்டும், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும், 40 கொண்டை ஊசி வளைவிலும் ஆம்புலன்ஸ் ஓட்டக்கூடிய டிரைவர் வேண்டும், தொழிற்சாலை இயந்திரத்தைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளைச் செய்கிறவர்களையே அழைத்துவந்து பேசவைக்க நினைக்கிறேன். உங்களில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். படித்து முடித்துக் கோவைக்குப் போகிறவர்கள் மகிழ்ச்சியாகப் போகட்டும். இருக்க விரும்பும் பிள்ளைக்கு இங்கே இருப்பது தோல்வி என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பணி ஓய்வு நெருங்கும் வீடுகள், மாற்றுச் சான்றிதழ் கேட்க வரும் நாளுக்கு முன்பே எனக்குத் தெரிவியுங்கள். ஆண்டு முடியும் வரையாவது பிள்ளை இங்கே படிக்க உறவினர் வீடோ, விடுதியோ பார்க்க முடியுமா என்று சேர்ந்து யோசிப்போம். எல்லாருக்கும் முடியாது. சிலருக்கு முடிந்திருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மழை பெய்தாலும் நடக்கும். தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கு இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொல்லி, அவர்களையும் பிள்ளைகளோடு அழைத்து வாருங்கள். சேர்க்கைப் படிவத்தை அங்கேயே நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்