தேய்ந்தது திரும்பாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாளைய பீரங்கிகள் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி: “நினைவு உலோகத்தால் செய்த குழல் எத்தனை குண்டு சுட்டுத் தேய்ந்தாலும், லேசாகச் சூடு காட்டினால் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.”

வளைவது வேறு, தேய்வது வேறு. தாங்கள் அறியாததல்ல. நிட்டினால் என்னும் நினைவு உலோகத்தின் வளைந்த கம்பியில் அணுக்கள் அண்டை அயலாரை விட்டுப் பிரியாமல் வரிசையோடு சாய்ந்து நிற்கின்றன. சூடு பட்டதும் நிமிர்கின்றன. வித்தை அவ்வளவுதான். அதுவும் 6 முதல் 8 விழுக்காடு நீட்சிக்குள். குழல் தேய்வதோ உலோகமே இல்லாமல் போவது. வெடிவாயு பட்ட உட்சுவரின் மேல்தோல் சில மில்லிசெகண்டுகளுக்கு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. வாயுவிலிருந்து கார்பன் ஏறி அந்தத் தோல் மொறுமொறுத்துப் போகிறது. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வர, வற்றிய ஏரியின் வண்டல்போல் வலைவலையாக வெடிக்கிறது. அடுத்த குண்டோடு பாயும் வாயு அந்தச் சில்லுகளைப் பெயர்த்து வெளியே துப்பிவிடுகிறது. வெளியே போய் விழுந்த சில்லு எதை நினைத்துக்கொண்டு திரும்பி வரும்?

1918இல் பாரிசைச் சுட்ட ஜெர்மானியப் பீரங்கிக்குக் குண்டுகள் வரிசை எண்ணோடு வந்தன. ஒவ்வொரு சுடலிலும் குழல் அகன்றுகொண்டே போனதால், ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிடச் சற்றுப் பருமன். எண் தப்பி ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 65 குண்டு போல ஆனதும் குழலைக் கழற்றி, உள்ளே பெரிதாகக் கடைந்து வரவேண்டியிருந்தது. லேசாகச் சூடு காட்டினால் போதும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதே கட்டுரை நிட்டினாலை விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்கிறது. பிறந்த வீடு அதன் பெயரிலேயே இருக்கிறது, ஐயா: நிக்கல், டைட்டானியம், நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி. மேரிலாந்தில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகம். அங்கே பணியாற்றிய வில்லியம் பியூலர் ஏவுகணை மூக்குக்கு உலோகம் தேடப்போய் அகப்பட்டது இது. கூட்டம் ஒன்றில் மடித்த பட்டையைக் கையில் வாங்கிய டேவிட் மசி என்ற ஆய்வக மேலதிகாரி, லைட்டர் நெருப்பைக் காட்ட, அது படக்கென்று நிமிர்ந்தது. தங்கம்-காட்மியக் கலவையில் ஸ்வீடன் விஞ்ஞானி ஓலாண்டர் இதையொத்த போக்கைப் பார்த்தது அதற்கும் முன்னால், 1932இல். இரண்டு ஆண்டுக்கு முன் இதே இதழில் ‘மாய உலோகம்’ என்று தலைப்புப் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. பிறகு ஃபாரன்ஹீட் எண்களைச் செல்சியஸ் என்று அச்சிட்டீர்கள், அதற்கும் எழுதினேன். அஞ்சல்துறைமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் எழுத நல்ல விஷயம் இருந்தது. நினைவு உலோகத்துக்கு இடம் குழலின் உள்ளே அல்ல, வெளியே, வளையமாக. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சிய பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், மரம் கிறீச்சிட அது சுருங்கி இறுக்கும். தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் கிடக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கியிலும் நீளப் பட்டைகளின்மேல் வளையம் வளையமாக ஏற்றியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பீரங்கி செய்த ஆர்ம்ஸ்ட்ராங் பின்பற்றியதும் அந்த வழிதான். வெளி வளையம் இறுக்கினால் உட்சுவர் முன்கூட்டியே அமுங்கி நிற்கும்; வெடி அழுத்தம் அந்த அமுக்கத்தைத் தீர்த்த பிறகே சுவரை இழுக்கத் தொடங்கும்.

எஃகு வளையத்தை 400 டிகிரி கூடுதலாகக் காய்ச்சினாலும் 200 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட விரியாது. அதனால் கடைசலில் நூலிழை தப்பினாலும் வளையம் பாதி வழியில் கவ்விக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். நினைவு உலோக வளையத்தைக் குளிரில் வைத்து 4 விழுக்காடு அகட்டினால் 8 மில்லிமீட்டர் கிடைக்கும். எஃப்-14 போர் விமானத்தின் ஹைட்ராலிக் குழாய் இணைப்புகள் இப்படித்தான் மாட்டப்பட்டன: திரவ நைட்ரஜனிலிருந்து எடு, குழாயில் நுழை, அறைச் சூட்டுக்கு வந்ததும் அதுவே கவ்வும்.

பீரங்கியில் தகராறு எங்கே? நிக்கல் அணு விகிதம் பத்தில் ஒரு விழுக்காடு கூடினாலே உருமாறும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்கிவிடும். குறைந்தால் அதேபோல் ஏறிவிடும். வார்ப்பில் நிக்கல் குறைந்துபோனால், பனிமலைக் குளிரில் வளையம் மார்ட்டென்சைட் என்னும் மென்மையான குளிர்நிலைக்கு மாறி நெகிழும். எஃகோடு பற்றவைத்தால் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கண்ணாடிபோல் முறியும் தையல்தான் மிச்சம். உள்தோலாகப் போட்டாலும் உதவாது. வெப்பம் கடத்துவதில் அது எஃகில் பாதிகூட இல்லை, விறைப்பும் பாதிக்குக் குறைவு. உட்சுவர் இன்னும் சுடும், ஒவ்வொரு வெடிக்கும் இன்னும் உப்பும்.

இன்னொன்று, உங்கள் ‘லேசான சூடு’. நிட்டினாலுக்கு உருவம் பழக்குவதே 500 டிகிரியை ஒட்டித்தான். அந்தச் சூட்டில் எந்த அளவில் பிடித்து வைக்கிறீர்களோ, அதையே தன் பிறவி அளவாக எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கிக் குழல் அந்தச் சூட்டைத் தொடுவது புதிதல்ல. தொட்டால் வளையம் பிடியை மறந்துவிடும். நினைவு உலோகம் மறக்கிற இடம் அது. கட்டுரையாளர் அதைத்தான் மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த இதழில் முழுப் பக்கம் கேட்கவில்லை. ‘தேய்ந்தாலும்’ என்பது தவறு என்று இரண்டு வரி, பஞ்சாங்கப் பலன்களுக்குக் கீழே இடமிருந்தால் அங்கேயாவது போடுங்கள். வெப்பநிலை வந்தால் செல்சியஸ்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத வாசகர்,
தஞ்சாவூர்